பூட்லோடரைத் திரும்பப் பூட்டும் முன் பார்க்க வேண்டியவை

மக்களே, போன் ஆன் ஆனதும் முதலில் ஓடி ஓஎஸ்ஸை (போனை இயக்கும் மென்பொருளை) ஏற்றிவிடுவதுதான் பூட்லோடர். போனில் வேறு ஓஎஸ் ஏற்றிவிட்டு "இனி பூட்லோடரை லாக் பண்ணிரலாமா?" என்று நாகர்கோவில், தக்கலைப் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள். பண்ணலாம், ஆனால் எல்லாப் போனிலும் இல்லை. தப்பான போனில் பூட்டினால் அது பிரிக் ஆகிவிடும், அதாவது எழும்பாமல் செங்கல் மாதிரிக் கிடக்கும்.

முதலில் ஏன் பூட்ட வேண்டும் என்று பார்ப்போம். பூட்லோடர் திறந்து கிடக்கிற போன் மார்த்தாண்டம் பஸ்ஸில் தொலைந்து, யாராவது சிஸ்டத்தில் கை வைத்துவிட்டு உங்களிடமே திரும்பக் கொடுத்தால், அடுத்து நீங்கள் போடுகிற பின் நம்பர் அவர்கள் கைக்குப் போய்விடலாம். பூட்டியிருந்தால், ஆன் ஆகும்போதே போன் சிஸ்டத்தின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும். பொருந்தவில்லை என்றால் சிஸ்டத்தைத் திறக்காது.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும், நீங்கள் போட்ட ஓஎஸ்ஸின் சாவியைப் போன் ஏற்றுக்கொள்ள வேண்டும். கூகுள் பிக்சல் அதற்கு இடம் தருகிறது, அதனால்தான் அதில் கிராஃபீன்ஓஎஸ் என்ற ஓஎஸ் போட்டவர்கள் பயமில்லாமல் பூட்டுகிறார்கள். அதை நிறுவும்போதே அந்தச் சாவியும் போனில் ஏறிவிடும். லினேஜ்ஓஎஸ் என்ற இன்னொரு ஓஎஸ் போட்ட பெரும்பாலான போன்களில் இந்த வசதி இல்லை, அங்கே பூட்லோடரைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள். மேஜிஸ்க் என்ற கருவியைப் போட்டு ரூட் செய்திருந்தாலும் (சிஸ்டத்தின் முழு அதிகாரத்தை எடுத்திருந்தாலும்), கம்பெனி ரெக்கவரிக்குப் பதில் டிடபிள்யூஆர்பி என்ற வெளி ரெக்கவரி இருந்தாலும் பூட்டவே கூடாது, ஏனென்றால் கையெழுத்துப் போட்ட ஃபைலையே நீங்கள் மாற்றிவிட்டீர்கள்.

இன்னொன்று, செக்யூரிட்டி பேட்ச் தேதி, அதாவது ஓஎஸ்ஸில் உள்ள பாதுகாப்புத் திருத்தங்களின் தேதி. பழைய ஓஎஸ்ஸில் இருந்த தேதியைவிடப் புதிய ஓஎஸ்ஸின் தேதி பிந்தியதாகவோ சமமாகவோ இருக்க வேண்டும். ஃபேர்போன் போன்ற கம்பெனிகளின் போன்களில் இது பின்னால் போனால், பூட்டியதும் போன் எழும்பாது. பழைய தேதியை ஓஎஸ் மாற்றும் முன்பே செட்டிங்ஸில் பார்த்துக் குறித்து வையுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

பூட்டினால் போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், எனவே போட்டோ, காண்டாக்ட் எல்லாம் வேறு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். அப்புறம், நம்ம மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, எப்போது கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது. ஓஎஸ் ஏற்றும் வேலையை யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள், சார்ஜ் உள்ள லேப்டாப்பே நல்லது. கேபிளை ஹப்பில் மாட்டாமல் நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள்.

சரி, இனி வேலை. செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில், பூட்லோடரைத் திறக்க அனுமதி தரும் ஓஇஎம் அன்லாக்கிங் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பிக்சல் என்றால் போனை ஆஃப் செய்து வால்யூம் டவுனும் பவரும் சேர்த்து அழுத்துங்கள், லேப்டாப்பிலிருந்து கட்டளை வாங்கும் ஃபாஸ்ட்பூட் திரை வரும். லேப்டாப்பில் 'ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் கெட்_அன்லாக்_எபிலிட்டி' என்ற கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்தில் கொடுங்கள். பதில் 1 என்று வந்தால் மட்டும் மேலே போங்கள். 0 வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்: பூட்டிய பிறகு ஏதாவது தகராறு ஆனால் மறுபடி திறக்க வழி இருக்காது.

1 வந்துவிட்டதா? 'ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் லாக்' கொடுங்கள். போன் திரையில் உறுதி கேட்கும், முதலில் நிற்பது "பூட்ட வேண்டாம்" என்ற தேர்வு. வால்யூம் பட்டனால் "பூட்டு" என்பதற்கு மாற்றி, பவர் பட்டனை அழுத்த வேண்டும். அவசரத்தில் மாற்றாமலே பவரை அழுத்திவிட்டு, பூட்டியாகிவிட்டது என்று நம்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் ஃபாஸ்ட்பூட் திரையில் லாக்டு என்று காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

போன் ஆன் ஆகும்போது வேறு ஓஎஸ் என்று மஞ்சள் எச்சரிக்கை வரும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. அதே திரையில் எழுத்தும் எண்ணும் கலந்த சாவி அடையாளம் இருக்கும். அதை ஓஎஸ்ஸின் அதிகாரப்பூர்வ தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். சரியாக இருந்து, போனும் நன்றாக ஓடினால், அதற்கப்புறம்தான் ஓஇஎம் அன்லாக்கிங்கை ஆஃப் செய்ய வேண்டும். முன்னாடியே ஆஃப் செய்யாதீர்கள்.

பூட்டிய பிறகும் சில வங்கி ஆப்கள் அடம் பிடிக்கலாம், அது போன் நம்பகமானதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையால் வருவது. இதைச் சரிசெய்கிறேன் என்று ரூட் பக்கம் போகாதீர்கள், பூட்டியது வீணாகிவிடும்.

போனை விற்பதானால் பூட்லோடரைத் திறந்து, 'ஃபாஸ்ட்பூட் இரேஸ் ஏவிபி_கஸ்டம்_கீ' என்று கொடுத்து நம் சாவியை அழித்து, கம்பெனி ஓஎஸ்ஸை ஏற்றி, அது ஓடுவதைப் பார்த்தபின் பூட்டிக் கொடுங்கள். வாங்குகிறவர் ஆன் செய்யும்போது மஞ்சள் எச்சரிக்கை வராது.