முதலாண்டு மாணவரின் ஆங்கிலத்தை முதல் வாரத்திலேயே எடைபோடுவது எப்படி?

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவரின் ஆங்கிலம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கப் பலரும் முதலில் புரட்டுவது பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைத்தான். ஆங்கிலத்துக்கான 100-ல் 10 அகமதிப்பீடு, 90 எழுத்துத் தேர்வு. அந்த 90-லும் பாடத்தை ஒட்டிய கேள்விகள், மனப்பாடப் பாடல், கட்டுரை என்று நெட்டுருப் போட்டே எழுதிவிடக்கூடிய பகுதி கணிசம். 85 வாங்கியவர் "வாட் டைம் டிட் யூ கம்?" என்று கேட்டால் விழிப்பதும், 50 வாங்கியவர் தாராளமாகப் பேசுவதும் அதனால்தான். மனப்பாடம் உதவாத ஒரு சோதனையை நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

60 பேர் வகுப்பு, 3 ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாடவேளையில் எல்லாருக்கும் சேர்த்து எழுத்துச் சோதனை. பிறகு தலைக்கு 6 நிமிடம் நேரில் பேச வைப்பது. மொத்தம் 360 நிமிடம், ஆசிரியர் ஒருவருக்கு 2 மணி நேரம். இதை முதல் நாளிலேயே வைக்க வேண்டாம். வீட்டை விட்டு வந்த கலக்கத்தில் எழுதுவதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. மூன்றாவது, நான்காவது நாள் சரியாக இருக்கும்.

எழுத்துச் சோதனை

முதல் 10 நிமிடம் சொல்வதெழுதுதல். "இது பள்ளிக்கூடத்துப் பழக்கமாயிற்றே" என்று ஒதுக்க வேண்டாம். கேட்டுப் புரிந்துகொள்வதை இதைவிடச் செலவில்லாமல் அளக்க முடியாது. 60 முதல் 70 சொற்களில் விடுதி உணவு நேரம், பஸ் பாஸ் அறிவிப்பு போன்ற ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். மூன்று முறை வாசிக்க வேண்டும்: முதலில் இயல்பான வேகத்தில், அப்போது யாரும் எழுதக்கூடாது, அடுத்து ஐந்தாறு சொற்களாக நிறுத்தி நிறுத்தி, கடைசியில் மீண்டும் இயல்பான வேகத்தில், சரிபார்க்க. எதிரொலிக்கும் அரங்கில் மைக் வைத்து வாசித்தால் சோதனை கெட்டது. சாதாரண வகுப்பறையே மேல்.

திருத்தும்போது எழுத்துப்பிழையை எண்ண வேண்டாம். விட்டுப்போன சொல்லை எண்ணுங்கள். "த பஸ் பாசஸ் வில் பி இஷ்யூட் ஃப்ரம் மண்டே" என்று வாசித்ததை ஒருவர் "பஸ் பாஸ் வில் இஷ்யூ மண்டே" என்று எழுதியிருந்தால், அழுத்திச் சொல்லும் சொற்கள் மட்டுமே அவர் காதில் விழுகின்றன. 'த', 'பி', 'ஃப்ரம்' போன்ற சின்னச் சொற்களும், சொல்லின் இறுதியில் வரும் 'ஸ்', 'ட்' ஒலிகளும் நழுவுகின்றன. அடுத்த மாதம் என்ன நடத்த வேண்டும் என்பதை இந்த ஒரு வரியே காட்டிவிடும். கடைசி பெஞ்சில் இருப்பவர் தாளில் நிறைய விடுபட்டிருந்தால், காது சரியாகக் கேட்கிறதா என்றும் விசாரியுங்கள்.

அடுத்த 15 நிமிடம் கோடிட்ட இடத்தை நிரப்புதல். ஒன்பது, பத்தாம் வகுப்புத் தரத்தில், ஆனால் பாடப்புத்தகத்தில் இல்லாத 200 சொல் பத்தி போதும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் தொடாமல், நடுவில் ஒவ்வொரு ஏழாவது சொல்லையும் எடுத்துவிட்டால் 20-க்குக் குறையாத இடங்கள் கிடைக்கும். எந்தெந்தச் சொற்களை ஏற்பது என்ற பட்டியலை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பொருந்தும் சொல் எதுவானாலும் மதிப்பெண் உண்டு. இரண்டாமாண்டு மாணவர்கள் ஐந்து பேரிடம் முதலில் கொடுத்துப் பாருங்கள். ஐவரும் எல்லாவற்றையும் நிரப்பினாலும், ஐவருமே திணறினாலும் பத்தியை மாற்ற வேண்டியதுதான். பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதாமலிருக்க இரண்டு வெவ்வேறு பத்திகள் தேவை.

கணினி ஆய்வகத்தில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு வைப்பது திருத்துகிறவருக்கு வசதி. ஆனால் ஒன்றுமே தெரியாமல் தட்டினாலும் 40-க்குச் சராசரியாக 10 வந்துவிடும். இலக்கணத் தேர்வில் தேறுகிறவர் ஒரு வாக்கியமும் சொந்தமாக எழுதாமல் போகலாம்.

மிச்ச 15 நிமிடம் எழுத. "மை ஆம்பிஷன்", மரம் வளர்ப்பு, தீபாவளி எல்லாம் ஏற்கெனவே தயாராக மனப்பாடத்தில் இருப்பவை. "இன்று வராத நண்பருக்கு, நாளை என்ன கொண்டுவர வேண்டும், எங்கே வர வேண்டும் என்று வாட்ஸப்பில் செய்தி எழுதவும்" என்று கொடுங்கள். விஷயம் போய்ச் சேருகிறதா என்பதே முதல் கேள்வி, பிழைகள் அதற்குப் பிறகு. திருத்தத் தொடங்கும் முன் மூவரும் ஒரே 10 தாள்களைத் தனித்தனியே 5-க்கு மதிப்பிட்டு ஒப்பிடுங்கள். ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வரும் தாளைப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

நேர்பேச்சு

ஒருவர் பேசும்போது அடுத்தவர் அறைக்குள் காத்திருக்கக்கூடாது. முதல் ஒரு நிமிடம் தமிழில்: எந்த ஊர், எந்த பஸ், சாப்பிட்டாச்சா. இதில் பாஸ், ஃபெயில் கிடையாது என்பதைச் சொல்லிவிடுங்கள்.

பிறகு 60 சொல் அட்டையை வாசிக்கச் சொல்லி, அதிலிருந்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். பதிலைத் தமிழில் சொன்னால் போதும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும் என்றால், படித்தது புரியவில்லையா, புரிந்தும் பேச வரவில்லையா என்பது தெரியாமலே போய்விடும். வாசிக்கவே தடுமாறினால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, சின்னச் சொல், எளிய வாக்கியம் என்று படிப்படியாகக் கீழிறங்கிப் பாருங்கள். கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்புத் திறனைச் சோதிக்கும் 'ஏசர்' (ASER) கணக்கெடுப்பில் ஆங்கில வாசிப்புக்கு வைக்கும் படிகள் இவையே. தமிழ் அட்டை ஒன்றும் கையில் இருக்கட்டும். தமிழையும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார் என்றால் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை. அவருக்கு வேறு உதவி தேவை.

பேசச் சொன்னதும் "மைசெல்ஃப்..." என்று தொடங்கும் சுய அறிமுகம் வரும். அது பள்ளியிலேயே ஒப்பித்தது, மதிப்பெண் போடாதீர்கள். முடிந்ததும் "நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய்?", "வீட்டிலிருந்து இங்கே எப்படி வருவது?", "நாளைக்கு பஸ் ஓடாவிட்டால் என்ன செய்வாய்?" என்று ஆங்கிலத்தில் ஏறுவரிசையில் கேளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். நம் அவசரத்தாலேயே பலர் ஊமையாகிறார்கள். தொடர்ந்து இரண்டுக்குப் பதில் வராவிட்டால் நிறுத்திவிட்டு, எளிதான கேள்வி ஒன்றைக் கேட்டு அனுப்புங்கள்.

"யெக்ஸாம்", "இஸ்கூல்", 'ஜூ' (zoo) என்பதை 'சூ' என்பது: இவையெல்லாம் தமிழ் நாக்கின் இயல்பு. புரிகிறவரை மதிப்பெண் குறைக்க நியாயமில்லை. "ஐ டிட்ன்ட் வென்ட்" இலக்கணக் குறிப்பில் போகட்டும்.

முடிவை எழுதும் விதம்

கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல் நான்கையும் தனித்தனியாகக் குறியுங்கள். கூட்டிச் சராசரி எடுக்கவே கூடாது. நன்றாக வாசித்துப் பேச்சே வராதவரும், சரளமாகப் பேசி நாலு வரி எழுத முடியாதவரும் சராசரியில் ஒரே ஆளாகிவிடுவார்கள். ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) 2001-ல் வெளியிட்ட, ஏ1 முதல் சி2 வரையான ஆறு மொழித்திறன் படிகளைப் பொதுவான அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். சொந்த விவரத்தைத் துண்டு துண்டாகச் சொல்ல முடிந்தால் ஏ1, அன்றாட வேலையை எளிய வாக்கியங்களில் முடித்துக்கொண்டால் ஏ2, நடந்ததைக் கோவையாகச் சொல்லிக் காரணமும் சொன்னால் பி1.

குழு பிரிக்கும்போது தமிழ்வழி, ஆங்கிலவழி என்று பிரிக்காதீர்கள். 'வீக் பேட்ச்' என்று பெயரும் வைக்காதீர்கள். எல்லைக்கோட்டில் நிற்பவர்களை ஆறாவது வாரத்தில் வேறு கேள்விகளோடு மறுபடி பேசவைத்து, தேவைப்பட்டால் குழுவை மாற்றுங்கள். சொல்வதெழுதுதல் தாளைத் திருப்பித் தராமல் வைத்திருந்தால், பருவத் தேர்வுக்கு முன் அதே பத்தியை மீண்டும் வாசித்து இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.