தலை சுற்றும்போது நாடி எத்தனை?

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கும் மாமி ஒருநாள் கிணற்றடியில் அப்படியே குந்திவிட்டார். "தலை சுத்துது புள்ள, கண் இருட்டுது." வெயிலென்றார்கள், பிரஷர் இறங்கியிருக்கும் என்றார்கள். நான் ஓய்வுபெற்ற தாதி. பழக்கதோஷத்தில் கையைப் பிடித்து நாடியை எண்ணினேன். 44.

எண்ணுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பெருவிரலை வைக்காதீர்கள்; அதில் உங்கள் நாடியே துடிக்கும். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக வையுங்கள். முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால், விட்டுவிட்டு அடிக்கும் நாடி உங்களை ஏமாற்றிவிடும். பிரஷர் மெசினும் ஏமாறும். இடையில் முந்திக்கொண்டு வரும் துடிப்பு பலமில்லாமல் மணிக்கட்டுக்கு வந்து சேராது. இதயம் 80 அடிக்க, மெசின் 40 என்று காட்டிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஈ.சி.ஜி. எடுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை சரி. தினமும் பந்தடிக்கிற பெடியனுக்கு 50 இருந்தாலும் நோயில்லை. தூக்கத்தில் எல்லோருக்கும் குறையும். அதனால் தலை சுற்றுகிற அந்த நேரத்தில் நாடி எத்தனை என்பதுதான் கேள்வி. அப்போது 75 இருந்தால் நாடி குறைந்ததால் வந்த சுற்றல்ல, வேறு காரணம் தேட வேண்டும். படுக்கையில் புரளும்போது அறையே சுழன்றால் காதைப் பார்க்க வேண்டும். எழும்பும்போது மட்டும் என்றால், 5 நிமிடம் படுத்திருந்து பிரஷர் பாருங்கள். எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் திரும்பப் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதுதான் காரணமாக இருக்கும்.

நெஞ்சு நோ, மூச்சு வாங்குதல், மயங்கி விழுதல், 40க்குக் கீழே நாடி: இதில் ஒன்று இருந்தாலும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். மாரடைப்பிலும் நாடி மெதுவாகலாம். படுவான்கரையில் வெள்ளாமைக்கு மருந்தடித்துவிட்டு வந்தவருக்கு நாடி குறைந்து, வியர்த்து, எச்சில் வடிந்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினால் அது அடித்த மருந்தின் நஞ்சாக இருக்கலாம்; அதற்கும் உடனே 1990தான்.

மாமிக்கு அந்த மாதிரி ஒன்றும் இல்லை. மருந்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டச் சொன்னேன். பிரஷருக்கு அட்டெனலோல் குளிசை இருந்தது. நாடியைக் குறைக்கும் சாதிதான். பிசோப்ரொலோல், ப்ரொப்ரனலோல், டில்டியசெம், வெரபமில், டிகொக்சின் எல்லாம் அப்படித்தான். ஆனால் அதை அவர் வருடக்கணக்காகக் குடிக்கிறார், இப்போது மட்டும் ஏன்?

"வேற மருந்து?"

"இல்ல புள்ள. கண்ணுக்கு விடுறது மட்டும் பிரிட்ஜில இருக்கு. அது மருந்தா?"

டிமொலோல். கண் அழுத்தத்துக்குப் புதிதாகக் கொடுத்தது. கண்ணில் விடும் துளி மூக்குக்குள் இறங்கி இரத்தத்தில் சேரும். அட்டெனலோல் செய்யும் வேலையையே அதுவும் செய்யும். பிரஷருக்கு ஒரு கிளினிக் கொப்பி, கண்ணுக்கு வேறொன்று. இரண்டையும் ஒரே நாளில் யாரும் பார்க்கவில்லை.

இதற்காகக் குளிசையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் நெஞ்சு நோ வரலாம். இரண்டு கொப்பியோடும் வைத்தியரிடம் போனோம். கண் மருந்தை வேறு வகைக்கு மாற்றினார்கள். அடுத்த கிழமை 62.

மருந்தில் அகப்படாவிட்டால் ஈ.சி.ஜி.யோடு தைரொயிட் (டி.எஸ்.எச்.), பொட்டாசியம், கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனைகளைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். உடம்பு பெருத்து, குளிர் தாங்காமல், மலச்சிக்கலும் இருந்தால் தைரொயிட்டில் எனக்குச் சந்தேகம் வரும். சிறுநீரக நோயாளி, லொசார்ட்டன் என்ற பிரஷர் குளிசை குடிப்பவர் என்றால் பொட்டாசியம் கூடிவிட்டதோ என்று. வந்து வந்து போகும் தலைச்சுற்று ஈ.சி.ஜி. எடுக்கும் நேரத்தில் ஒளிந்துகொள்ளும். அதற்குத்தான் 24 மணி நேரமும் ஈ.சி.ஜி. பதிய உடம்பில் கட்டிவிடும் ஹோல்டர் கருவி. அன்று தலை சுற்றிய நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் பதிவில் நாடி குறைந்த இடத்தை எதோடு பொருத்திப் பார்ப்பது?

மாமி இப்போது கண் மருந்துப் போத்தலையும் பையில் போட்டுக்கொண்டுதான் கிளினிக் போகிறார். நாடி எண்ணத்தான் இன்னும் பெருவிரலை வைக்கிறார்.