ஒருசந்தி இருக்கிறவர்கள் எடையையும் குறைக்க நினைத்தால்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடக்கும். எல்லாரும் ஒருசந்தி நோன்பு இருப்போம், எல்லாருக்கும் எடை கூடும். காலையில் வெறும் கட்டங்காப்பி. ஒரே ஒரு முழுச் சாப்பாடுதான் என்பதால் மதியம் மலை மாதிரி சோறு. "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோப்பா, ராத்திரிக்கு ஒண்ணும் கிடையாதுல்லா" என்று அம்மா பக்கத்திலேயே நின்று போடுவார்கள். ராத்திரி ஒன்றும் கிடையாது என்பதும் பொய்தான், எட்டு மணிக்கு நாலு தோசை 'லேசான சாப்பாடு' கணக்கில் உள்ளே போகும். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி கூடாது, அதனால் சீலா மீன் பொரித்து ஆளுக்கு மூன்று துண்டு. திருச்சபைச் சட்டப்படி பார்த்தால் ஒரு தப்பும் இல்லை. ஈஸ்டருக்குப் புதுப் பேண்ட் போடும்போதுதான் தெரியும்.

அப்போது நான் 86 கிலோ, இடுப்பு 101 சென்டிமீட்டர். நம் ஊர் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். இப்போது 78 கிலோ. இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது, ஜிம் கிடையாது, பவுடர் கிடையாது. செய்ததெல்லாம் நம் பெரியவர்கள் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்ததுதான், நாம் அதை அரைகுறையாகச் செய்துகொண்டிருந்தோம்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். குண்டாக இருப்பது பாவம் இல்லை. ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு என்று ஒப்பித்திருப்போம், அதில் போசனப்பிரியம், அதாவது சாப்பாட்டின் மேல் அடங்காத ஆசை, ஒன்று. அதற்கும் எடை மெஷினுக்கும் சம்பந்தமில்லை. தைராய்டு இருக்கலாம், சாப்பிடுகிற மாத்திரை காரணமாக இருக்கலாம், வீட்டு வாகே அப்படி இருக்கலாம். ஒல்லியாக இருக்கிற ஆளுக்கும் போசனப்பிரியம் இருக்கும். 6ஆம் நூற்றாண்டில் பாப்பரசராக இருந்த பெரிய கிரகோரியார் இதை ஐந்தாகப் பிரித்தார்: நேரம் ஆகும் முன்பே சாப்பிடுவது, விலை உயர்ந்ததாகத் தேடுவது, இப்படித்தான் சமைக்க வேண்டும் என்று அலட்டுவது, அளவுக்கு மீறுவது, பறந்து பறந்து விழுங்குவது. ஐந்தில் அளவு ஒன்றே ஒன்றுதான், கவனித்தீர்களா?

ஒரு வாரம் உங்களையே கவனித்துப் பாருங்கள், இந்த ஐந்தில் உங்களுடையது எது என்று. எனக்கு முதலாவதும் கடைசியும். சாயங்காலம் ஐந்தரைக்குப் பசியே இல்லாமல் பஜ்ஜிக் கடையில் நிற்பேன், மதியச் சாப்பாட்டை ஏழு நிமிடத்தில் முடிப்பேன். என் மனைவிக்கு அளவு பிரச்சினையே இல்லை, ஆனால் மீந்ததை எல்லாம் வீணாகக் கூடாது என்று வாயில் போட்டுக்கொள்வாள் (இது கிரகோரியார் பட்டியலிலேயே கிடையாது, அவர் தமிழ்நாட்டு அடுக்களையைப் பார்த்திருக்க மாட்டார்). உங்களுடையது எதுவோ அதை மட்டும் பிடியுங்கள். ஐந்தையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் மூன்றாம் நாள் சலித்துவிடும்.

அடுத்ததுதான் எனக்கு அதிகம் பயன்பட்டது. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் தன் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் சாப்பாட்டுக்கென்றே எட்டு விதிகள் எழுதியிருக்கிறார். மனம் திரும்பிய புதிதில் ஸ்பெயினில் மன்ரேசா ஊரில் கண்மூடித்தனமாக நோன்பிருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட மனுஷன், அதனால் பட்டவர் சொல்கிற பக்குவம் அதில் இருக்கும். எட்டாவது விதி இதுதான்: சாப்பிட்டு முடித்த பிறகு, பசியே இல்லாத நேரத்தில், அடுத்த வேளைக்கு எவ்வளவு சாப்பிடுவது என்று முடிவு செய்துகொள். பிறகு பசி என்ன சொன்னாலும் அந்த அளவைத் தாண்டாதே.

இதில் இருக்கிற சூட்சுமம், முடிவெடுக்கிற ஆளை மாற்றுவது. கொதிக்கிற குழம்பு வாசனைக்கு முன்னால் நின்று "இன்றைக்குக் கொஞ்சமாகச் சாப்பிடுவோம்" என்று நினைத்து ஜெயித்தவர் யாரும் இல்லை. வயிறு நிறைந்து ஏப்பம் விடும்போது கேட்டால் நாம் எல்லாரும் துறவிகள்தான். அந்தத் துறவியிடம் முடிவை விட்டுவிடுங்கள். நான் ராத்திரிச் செபம் முடித்ததும் மறுநாள் மதியத்துக்கு எத்தனை கரண்டி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவேன். எங்கள் வீட்டுச் சோற்றுக் கரண்டிக்கு ஏறத்தாழ 80 கிராம் பிடிக்கிறது, சமையல் தராசில் நிறுத்துப் பார்த்தேன். முன்பு ஐந்து கரண்டி, அதாவது 400 கிராம் சோறு, 520 கலோரி பக்கம். இப்போது இரண்டு. அந்த மூன்று கரண்டியில் மட்டும் 300 கலோரிக்கு மேல் மிச்சம்.

அதே விதிகளில் ரொட்டியில் அவ்வளவு கட்டுப்பாடு வேண்டாம், பதார்த்தங்களில்தான் ஆசை வழிதவறும் என்றும் இருக்கிறது. நமக்கு இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊரில் வழிதவறுவது சோற்றில்தான். அவியலும் கூட்டும் கீரையும் எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள், தேங்காயை மட்டும் பார்த்து. தட்டில் பாதி காய், கால் பங்கு மீனோ முட்டையோ பயறோ, கால் பங்கு சோறு. முதல் நான்கு நாள் தட்டு காலியாக இருக்கிற மாதிரியே தோன்றும், அப்புறம் பழகிவிடும்.

சரி, அளவைத் தாண்டிவிட்டால்? தாண்டுவீர்கள். அதற்கும் இஞ்ஞாசியார் ஒரு வழி வைத்திருக்கிறார். திருத்த வேண்டிய குறை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு போட்டு, மதியம் வரைக்கும் எத்தனை தடவை விழுந்தோமோ அத்தனை புள்ளி முதல் கோட்டில், அதன்பின் ராத்திரி வரைக்கும் விழுந்தது இரண்டாவது கோட்டில். விழுந்த உடனே கையை நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார், பத்துப் பேர் நடுவில் இருந்தாலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம். ராத்திரி இரண்டு கோட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், பிறகு நேற்றோடு இன்று, போன வாரத்தோடு இந்த வாரம். அவ்வளவுதான். அழுகை, புலம்பல், "நான் எதுக்கும் லாயக்கில்லை" எல்லாம் கிடையாது. பஜ்ஜிக்கு ஒரு புள்ளி, இரண்டாம் தடவை சோறு வாங்கினதற்கு ஒரு புள்ளி. என் முதல் வாரத்தில் 23 புள்ளி. ஆறாவது வாரத்தில் 9. எடை குறைந்ததைவிட இந்த எண் குறைந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெம்பு வந்தது, ஏனென்றால் தண்ணீர், உப்பு என்று எடை நாளுக்கு நாள் ஏறி இறங்கும், புள்ளி நம் கையில் இருக்கிறது. எடையை வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் பாருங்கள். ஞாயிறு முதல் பூசைக்குக் கிளம்பும் முன், காப்பி குடிக்காமல்.

சாப்பாட்டுச் செபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் சிலுவை அடையாளம் போடுகிற வேகத்தில் ஈ கூட ஓடிவிடும். முன்செபத்தை மெதுவாகச் சொல்லுங்கள், மூச்சு அடங்கும், பறந்து விழுங்குவது பாதி அங்கேயே நிற்கும். அதைவிட முக்கியம் பின்செபம், பலர் விட்டே விட்டோம். அதை மறுபடி கொண்டுவந்து, பின்செபச் சிலுவை போட்டாயிற்று என்றால் தட்டு மூடியாயிற்று என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். அம்மா கரண்டியோடு வந்தால் நான் சிலுவை போட்டுவிடுவேன். செபத்துக்கு மேல் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது.

நடைக்கு ஜெபமாலை போதும். பத்துப் பத்து மணியாக ஐந்து சுற்று, மொத்தம் 53 தடவை 'அருள் நிறைந்த மரியே' செபம், நிதானமாகச் சொன்னால் 20 நிமிடம் ஆகும். தினமும் நடந்துகொண்டே சொன்னால் வாரத்துக்கு 140 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேக நடை, ஞாயிறு கோயிலுக்கு வண்டியை எடுக்காமல் நடந்தால் கணக்கு நேராகிவிடும். மிதமான வேகம் என்றால் என்ன என்று யாரும் ஆப் வாங்க வேண்டாம்: செபத்தை வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும், மாதா பாட்டு பாட முயன்றால் மூச்சு வாங்க வேண்டும். அந்த வேகம் சரி. வருடத்துக்கு ஒரு தடவை காவி உடுத்தி வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போவது வேறு, அது நேர்ச்சை. மீதி நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் அது எடைக்குக் கணக்கில் வராது.

இப்போது ஒருசந்திக்கே வருகிறேன். ஒரு முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை சிறிதாக, அந்த இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு வரக்கூடாது, இதுதான் விதி. கட்டாயம் என்று பார்த்தால் தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனும் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வெள்ளியும் மட்டும்தான், வயது 18 முதல் 59 வரை. நாற்பது நாளும் இருக்கிறவர்கள் ஆசைக்கு இருக்கிறார்கள். அப்படி இருப்பதானால் காலையைப் பட்டினி போடாதீர்கள், அதுதான் நான் செய்த தப்பு. ஒரு அவித்த முட்டையும் ஒரு கொய்யாவும், அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். ராத்திரி ஏழரைக்குள் ரசமும் காயும், அல்லது ஒரு டம்ளர் மோரும் ஒரு சப்பாத்தியும். எங்கள் தாத்தா காலத்தில் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிறவர்கள் நடு இரவு முதல் பச்சைத் தண்ணீர் தொட மாட்டார்கள், இப்போது அது ஒரு மணி நேரமாகிவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு காலை வரை தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை என்று அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி மீட்டுக்கொள்ளலாம். ராத்திரி பத்து மணி மிக்சர் அதோடு போய்விடும்.

பஜ்ஜிக் காசைத் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டு பஜ்ஜி ஒரு டீ, 40 ரூபாய். நாற்பது நாளைக்கு 1,600 ரூபாய் தவக்கால உண்டியலில் விழுந்தது. அதை எடுத்துத் திரும்பப் பஜ்ஜி தின்ன மனசு வராது, அதுவே ஒரு காவல்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விடாதீர்கள், சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தால் அது தவம் இல்லை. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், நோயாளிகள் யாருக்கும் ஒருசந்திக் கட்டாயம் கிடையாது. சாப்பாட்டை நினைத்தாலே குற்ற உணர்ச்சி வருகிறது, சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றுகிறது என்றால் புள்ளி வைக்கிற வேலையே வேண்டாம், அதற்கு உதவி செய்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள், முதலில் அங்கே போங்கள்.

எவ்வளவு குறையும் என்று கேட்பீர்கள். விபூதிப் புதன் முதல் ஈஸ்டர் வரை ஞாயிறுகளையும் சேர்த்து 46 நாள். தினமும் 500 கலோரி குறைந்தால் வாரம் அரைக்கிலோ என்பது தோராயமான கணக்கு, அப்படியானால் மூன்று கிலோ. எனக்கும் அதுதான் குறைந்தது, 86லிருந்து 83. ஈஸ்டர் மட்டன் பிரியாணியில் ஆரம்பித்து இரண்டே வாரத்தில் இரண்டு கிலோ திரும்ப வந்தது. அந்த ஞாயிறு எடை மெஷின் மேல் நின்றபோதுதான் புரிந்தது, வருடத்தில் 33 அல்லது 34 வாரம் பொதுக்காலம், பூசையில் சாமியாருக்குப் பச்சை உடை, விசேஷம் ஒன்றும் இல்லை, நம் உடம்பு அங்கேதான் வாழ்கிறது. அதனால் ஒருசந்தியைத் தவக்காலத்துக்கும் வருடம் முழுவதும் வெள்ளிக்கிழமைகளுக்கும் வைத்துக்கொண்டேன். சீட்டு, புள்ளி, நடை ஜெபமாலை மூன்றும் தினமும். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா, கிறிஸ்துமஸ், கல்யாண வீடு, அங்கெல்லாம் சீட்டு எழுதுவதில்லை, நன்றாகச் சாப்பிடுவேன், மறுநாள் காலை கோடு போட்டுவிடுவேன்.

போன வாரம் வியாழன் கோட்டில் மூன்று புள்ளி. பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு டப்பா மக்ரூன் கொண்டுவந்தார், முந்திரி வாசனையோடு, வாயில் வைத்ததும் கரைந்துவிடும் அது. வெள்ளிக்கிழமைச் சீட்டில் 'இரண்டு கரண்டி' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு, பக்கத்திலேயே பென்சிலால் 'மூணு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.