சேர்வராயன் மலையில் ‘நரி வேட்டை’ நடத்துவது எப்படி?

மறைத்து வைக்கப்பட்ட சிறிய டிரான்ஸ்மிட்டர் ஒன்றை, அதிலிருந்து வரும் அலையின் திசையை மட்டுமே துணையாகக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் போட்டியை ஹாம் வானொலியாளர்கள் (உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானொலித் தொடர்பில் ஈடுபடுவோர்) ‘நரி வேட்டை’ என்கிறார்கள்; அந்த டிரான்ஸ்மிட்டர்தான் ‘நரி’. இதைச் சேலம் நகரின் சமதளத்தில் நடத்துவது ஒன்று, ஏற்காட்டில் நடத்துவது வேறொன்று. மலையில் அலை நேராக வருவதைப் போலவே பாறைச் சரிவில் பட்டுத் திரும்பியும் வரும் என்பதால், நரியை ஒளித்து வைக்கும் இடத்தைத் தேர்வதே அமைப்பாளரின் முதன்மையான வேலையாகிறது.

அதற்கு முன் உரிமம். நரி அலைபரப்பும் கருவி என்பதால், வானொலி அலைவெண்களை நிர்வகிக்கும் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவு வழங்கும் அமெச்சூர் உரிமம் பெற்ற ஒருவரின் பொறுப்பில்தான் அது இயங்க வேண்டும். உரிமத்தோடு அவருக்குத் தரப்பட்ட அடையாளமான அழைப்புக்குறியை அது இடையிடையே ஒலிக்கவும் வேண்டும். இந்தியாவில் இப்போட்டிக்கு ஏற்ற 2 மீட்டர் அலைவரிசை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது. நரிக்கு ஓர் அலைவெண்ணும், குழுக்கள் அமைப்பாளரோடு பேச வேறோர் அலைவெண்ணும் ஒதுக்குங்கள். அப்பகுதி ரிப்பீட்டரின் (அலையை வாங்கி மறுஒலிபரப்பும் நிலையத்தின்) அலைவெண்களை இரண்டுக்குமே தவிர்த்து விடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, காப்புக்காட்டுக்குள் நரியை வைக்கவே கூடாது. அங்கு நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, காட்டுமாடுகள் நடமாடும் சரிவில் கையில் ஆன்டெனாவோடு தலைகுனிந்து நடப்பது விளையாட்டாகாது. உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுப் பெற்ற காபித் தோட்டம் ஒன்று இதற்கு மிகவும் பொருத்தமானது. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் வளர்ந்த காபிச் செடிகள் நரியை நன்றாக மறைக்கும். ஆயினும் அறுவடை நாட்களில் தொழிலாளர்களுக்கு இடையூறு நேரும் என்பதால் தேதியைத் தோட்டக்காரரே முடிவு செய்யட்டும். மே மாதக் கோடை விழா நாட்களையும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தையும் தவிர்ப்பது நல்லது.

இடம் அமைந்த பிறகு, அமைப்பாளரே முதல் வேட்டைக்காரராக இருந்து பார்க்க வேண்டும். ஒருமுறை நாங்கள் இதைச் செய்யாமல் பள்ளமான ஓரிடத்தில் நரியை வைத்துவிட்டோம். வந்த குழுக்கள் எல்லாம் எதிர்ப்புறப் பாறை முகத்தையே குறிவைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அலைந்தன. நரியிருக்கும் இடம் குறைந்தது இரண்டு திசைகளிலிருந்தாவது நேர்ப்பார்வைக்கு எட்டும்படி இருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும். செங்குத்துச் சரிவின் அடிவாரத்தையும், தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கும் உச்சிகளையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். கோபுரங்களின் வலுவான அலைகள் மலிவான கைக்கருவிகளைத் திணறடித்து விடும்.

நரிக்கென்று தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. பழைய வாக்கி டாக்கி ஒன்றும், அதை இயக்கும் சிறிய மைக்ரோ கன்ட்ரோலரும், மழை புகாத டப்பாவும் போதும். நடந்து தேடும் போட்டியாயின் கருவியின் மிகக் குறைந்த திறனையே பயன்படுத்துங்கள். தொடர்ந்து அலைபரப்பினால் கருவி சூடேறிப் பழுதாகும் என்பதால் ஒரு நிமிடம் ஒலித்து நான்கு நிமிடம் ஓய்வது போல் அமைக்கலாம். பன்னாட்டுப் போட்டிகளில் ஐந்து நரிகள் ஒரே அலைவெண்ணில் நிமிடத்துக்கு ஒன்றாக முறைவைத்து ஒலிப்பதும் இந்தக் கணக்குத்தான். ஆன்டெனா நீட்டிய டப்பாவைப் புதரில் காணும் வழிப்போக்கர் அஞ்சக்கூடும். ஆகவே அதன் மேல் அழைப்புக்குறியையும் கைபேசி எண்ணையும் தமிழில் எழுதி ஒட்டி, காவல் நிலையத்துக்கும் முன்னரே எழுத்து மூலம் தெரிவித்து விடுங்கள்.

பங்கேற்பாளர்களுக்கு மூன்று உறுப்புகள் கொண்ட யாகி ஆன்டெனாவே (ஒரு திசையிலிருந்து வரும் அலையை மட்டும் வலுவாகப் பிடிப்பது) சிறந்தது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரும்புப் பட்டை அளவு நாடாவையும் (தையற்காரரின் துணி நாடா உதவாது) பி.வி.சி. குழாயையும் கொண்டு ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். பின்னுறுப்பு சுமார் 105 செ.மீ., நடுவுறுப்பு 45 செ.மீ. நீளமுள்ள இரு துண்டுகள், முன்னுறுப்பு 89 செ.மீ.; பின்னுறுப்பிலிருந்து நடுவுறுப்புக்கு 20 செ.மீ., அங்கிருந்து முன்னுறுப்புக்கு 32 செ.மீ. இடைவெளி. நடுவுறுப்பின் இரு துண்டுகளுக்கும் இடையே சுமார் இரண்டரை செ.மீ. விட்டு, ரிசீவருக்குச் செல்லும் கேபிளின் உட்கம்பி, வெளிவலை ஆகிய இரு முனைகளையும் அவற்றில் பற்றவைத்து, 12 அல்லது 13 செ.மீ. கம்பியை ‘ப’ வடிவில் வளைத்து அவ்விரண்டையும் இணைக்க வேண்டும். பற்றவைக்குமுன் நாடாவின் வண்ணப்பூச்சை நன்றாகச் சுரண்டாவிட்டால் ஈயம் ஒட்டாது. நரியின் ஆன்டெனா செங்குத்தாக நின்றால் யாகியின் உறுப்புகளும் செங்குத்தாகவே இருக்கும்படி பிடிக்க வேண்டும்.

யாகி இல்லாதவர் கைக்கருவியை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்லச் சுழலலாம்; அலை மிகவும் குன்றும் நிலையில் நரி அவருடைய முதுகுப்புறம் இருக்கிறது. நரியை நெருங்கியதும் எல்லாத் திசைகளிலும் அலையின் வலிமையைக் காட்டும் மீட்டர் முழு அளவைக் காட்டும். அப்போது ரிசீவரை நரியின் அலைவெண்ணிலிருந்து 5 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ் விலக்கி வைத்துக் கேட்டால் திசை மீண்டும் புலப்படும். இந்தத் தந்திரத்தைப் போட்டிக்கு முன் அனைவருக்கும் செய்து காட்டிவிடுங்கள். புதியவர்கள் சோர்ந்து திரும்புவது பெரும்பாலும் கடைசி ஐம்பது மீட்டரில்தான்.

அலை வரும் திசையை வரைபடத்தில் கோடாக வரையத் திசைகாட்டி உதவும். ஆனால் அதைக் காரின் மேலோ வாக்கி டாக்கியின் ஒலிபெருக்கிக்கு அருகிலோ வைத்துப் படிக்கக் கூடாது. மேக்னடைட் இரும்புத் தாது நிறைந்த, சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலையில் போட்டி நடத்த விரும்புவோர் திசைகாட்டியை நம்பாமல், கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை வரைபடத்தோடு ஒப்பிட்டே கோடு வரைய வேண்டியிருக்கும்.

காரில் தேடும் போட்டியாயின் நேரத்தை வைத்து மதிப்பெண் தராதீர்கள். சேலத்திலிருந்து ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன; அங்கே அவசரத்தைத் தூண்டும் விதி எதுவும் வேண்டாம். காரின் மீட்டரில் பதிவான தூரம் குறைவாக உள்ள குழுவே வென்றதாக அறிவியுங்கள். ஓட்டுநர் கருவியைத் தொடக் கூடாது என்பதையும், குறித்த நேரத்தில் அனைவரும் ஏரிக்கரைக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் விதியாக்கி, திரும்பியவர்களைப் பெயர் சொல்லி எண்ணிப் பாருங்கள்.

முடிந்ததும் எல்லாக் குழுக்களின் திசைக் கோடுகளையும் ஒரே வரைபடத்தில் வரையச் சொல்லுங்கள். நரியை விட்டு விலகிப் பல கோடுகள் ஓரிடத்தில் கூடினால், அங்கேதான் அலையைத் திருப்பிய பாறை இருக்கிறது. அடுத்த ஆண்டு நரியை எங்கே வைப்பது என்பதை அந்த வரைபடத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம்.