ஆளி வளர்ப்பு: முதலில் நீர், பிறகு கருவி

உண்ணும் சிப்பி வகையான ஆளியைத் தரையில் விடாமல், நீருக்குள் தொங்கவிட்டோ தட்டில் வைத்தோ வளர்த்தால் சேறு மூடாது, நண்டு எளிதில் எட்டாது, நீரோட்டம் நுண்பாசியை எல்லாப் பக்கமும் கொண்டுவந்து சேர்க்கும். நாம் தீவனம் போடாத தொழில் என்பதால், இடம் தவறினால் எந்தச் செலவாலும் அதை ஈடுகட்ட முடியாது. ஆகவே கருவி வாங்குவதற்கு முன் ஓர் ஆண்டு முழுவதும் அந்த நீரைக் கவனியுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

நம் கழிமுகங்களில் வளரும் கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ் இனம் உப்பின் ஏற்ற இறக்கத்தை நன்கு தாங்கினாலும், ஒரு கிலோ நீரில் 22 முதல் 35 கிராம் வரை உப்பு இருக்கும்போதுதான் செழிக்கிறது. கோடையில் அளந்த கணக்கை நம்பி இறங்க வேண்டாம். கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் தென்மேற்குப் பருவமழை நீரின் உப்பை வெகுவாகக் குறைத்துவிடுவதால், மழைக்காலம் முடிந்தபின் சரம் (ஓடு கோத்த கயிறு) இறக்கி, அடுத்த ஜூன் மழைக்கு முன்பே அறுவடையை முடிக்கப் பார்க்கிறார்கள். தமிழகக் கரையில் கவனிக்க வேண்டிய காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கனமழைக்கு மறுநாள், கடல்நீர் வடிந்திருக்கும் வற்றத்தின்போது, மேல்நீரையும் அடிநீரையும் தனித்தனியே எடுத்து, உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். நன்னீர் மேலே மிதக்கும்; சரத்தின் மேல்முனை இருக்கப்போவதும் அங்கேதான்.

அருகிலுள்ள பாலத் தூணிலோ பாறையிலோ ஆளி ஒட்டியிருந்தால் ஒன்றைப் பெயர்த்துப் பாருங்கள். ஓட்டின் ஓரத்தில் நகம்போல் மெல்லிய, வெளிறிய புது விளிம்பு தெரிந்தால் அந்த நீரில் ஆளி இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எத்தனையோ அளவீடுகளைவிட இதை நான் அதிகம் நம்புவேன்.

சரத்தையோ தட்டையோ தாங்கக் கழி நட்டுச் சட்டம் கட்ட 1 முதல் 2.5 மீட்டர் ஆழம் ஏற்றது. அமாவாசை, பௌர்ணமி வற்றத்திலும் சரத்தின் அடி ஓடு தரையைத் தொடக் கூடாது. ஒரு சவுக்குக் கழியை ஊன்றி ஆட்டிப் பாருங்கள். சேற்றில் அது தானாகவே இறங்கிக்கொண்டே போனால் வேறிடம் தேடுவதே நல்லது.

ஆளி நீரை வடிகட்டி உண்பதால் சாக்கடைக் கிருமியும் அதன் உடலில் சேரும். கழிவுநீர் வாய்க்கால், ஆலை, படகுத்துறை ஆகியவற்றிலிருந்து விலகியே இருங்கள். பிரான்சின் அர்காஷோன் வளைகுடாவில் 1970களின் பிற்பகுதியில், படகுகளின் அடிப்பூச்சில் இருந்த டிரைபியூட்டைல்டின் என்ற நஞ்சு ஆளி ஓடுகளைத் தடிக்கவைத்து, ஆளிக் குஞ்சு ஒட்டிப் பிடிப்பதையும் கெடுத்தது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் எல்லை, மீன்வளத் துறையின் அனுமதி ஆகியவற்றையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

இனிக் கருவி. சதையை மட்டும் விற்பதென்றால் சரமே போதும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் உருவாக்கிய முறையில், 3 மி.மீ. நைலான் கயிற்றில் 15 முதல் 20 செ.மீ. இடைவெளிவிட்டு குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள 6 காலி ஆளி ஓடுகளைக் கோர்க்கிறார்கள். 80 சதுர மீட்டர் சட்டம் 90 சரங்களைத் தாங்கும். ஓடுகளை நன்றாகத் தேய்த்துக் கழுவி, குஞ்சு இறங்கும் பருவத்தில்தான் நீரில் விட வேண்டும். முந்திவிட்டால் சேறும், ஒட்டி வளரும் சிறு கடலுயிரான கொட்டலசும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஓட்டோடு பரிமாறும் உணவகங்களுக்கு ஒற்றை ஆளிகள் தேவை. அதற்குத் தட்டு முறையே சரி. ஏறத்தாழ 25 மி.மீ. குஞ்சுகளை 40×40×10 செ.மீ. வலைத்தட்டில் 150 முதல் 200 வரை வைத்து, 50 மி.மீ. வளர்ந்ததும் 90×60×15 செ.மீ. தட்டுக்கு மாற்றுவார்கள். இம்முறையில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு சுமார் 120 டன் கிடைக்கும் என்பது அந்நிலையத்தின் கணிப்பு. சரத்தில் 80 டன். இது ஓட்டோடு சேர்ந்த எடை என்பதை மறவாதீர்கள். சதை அதில் 8 முதல் 10 விழுக்காடுதான். வாங்குபவர் உறுதியாகும் வரை சரத்தோடு நிற்பதே என் பரிந்துரை.

வலைக்கண் குஞ்சு நழுவாத அளவில் இயன்றவரை பெரிதாக இருக்கட்டும். சிறிய கண் பாசியால் விரைவில் அடைபட்டு நீரோட்டத்தைத் தடுக்கும். ஆளி வளர வளரத் தட்டின் எடை கூடும், கொட்டலசு ஏறினால் மேலும் கூடும். எனவே நிறைந்த தட்டை இருவர் படகில் நின்றபடியே தூக்க முடியுமா என்பதை, புதுத் தட்டில் அதே எடைக்குக் காலி ஓட்டை நிரப்பித் தூக்கிப் பார்த்தபின் வாங்குங்கள்.