அகாமனிசிய சிங்கத்தலைக் காப்பு: வீட்டிலேயே ஒரு மாதிரி செய்வோம்

பழைய பாரசீகத்துத் தங்கக் காப்புகளில் எல்லோர் கண்ணும் விலங்குத் தலைகளுக்குத்தான் போகும். நான் முதலில் பார்க்கச் சொல்வது எதிர்ப்பக்கத்தை. பாரசீகத்தை ஆண்ட அகாமனிசிய அரச வம்சத்தின் காலத்துக் (கி.மு. 550–330) காப்புகள் பலவற்றில், வாய்க்கு, அதாவது இரு தலைகளுக்கும் நடுவே உள்ள திறப்புக்கு, நேர் எதிரே வளையம் சற்றே உள்வாங்கியிருக்கும். அந்த நெளிவு இல்லாவிட்டால் நீங்கள் செய்வது வெறும் சிங்கமுகக் காப்புதான்.

இன்றைய ஈரானில் உள்ள பழைய நகரமான சூசாவில் 1901-ல் ஒரு கல்லறையில் கிடைத்த ஜோடிக் காப்புகளை மாதிரியாக வைத்துக்கொள்வோம். இப்போது அவை பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இன்னொரு பழைய பாரசீக நகரமான பசார்கடேயில் கிடைத்த புதையலில் மலையாட்டுத் தலைக் காப்புகளும் உண்டு. ஆனால் கொம்பு சீக்கிரம் உடையும். முதல் முயற்சிக்குச் சிங்கமே நல்லது.

தேவையானவை: கையால் வளையும் 3 மி.மீ. அலுமினியக் கம்பி, எம்-சீல், ஊசி, உப்புத்தாள், தங்க நிற அக்ரிலிக் பெயின்ட், நீல நெயில் பாலிஷ்.

படி 1: மணிக்கட்டின் சுற்றளவுக்கே கம்பியை வெட்டி, முனைகளை உப்புத்தாளால் தேயுங்கள். ஒரு பாட்டிலில் சுற்றி வளைத்து, 2.5 செ.மீ. வாய் விடுங்கள்.

படி 2: நடுப்பகுதியை ஒரு பேனாமீது வைத்து, இரு கட்டைவிரலாலும் உள்நோக்கி அழுத்துங்கள். லேசாக நெளிந்தால் போதும். தலைகளை ஒட்டிய பிறகு இதைச் செய்தால் அவை விரிசல் விடும்.

படி 3: இங்கேதான் பொறுமை வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு எம்-சீலைப் பிசைந்து, கொண்டைக்கடலை அளவு உருண்டையை ஒவ்வொரு முனையிலும் செருகுங்கள். இரண்டு முகமும் எதிரெதிரே பார்க்க வேண்டும். மூக்கைத் தட்டையாக்கி, வாயைத் திறந்து, காதுகளைப் பின்னால் படியவிடுங்கள். நிஜச் சிங்கத்தைப் பார்த்துச் செய்ய வேண்டாம். பாரசீகப் பொற்கொல்லர்கள் தசையையும் சுருக்கத்தையும் கோலமாகவே மாற்றினார்கள். அதனால் ஊசியால் மூக்கின் மேல் இணைகோடுகள் கீறுங்கள். கழுத்தில் சின்னச் சின்னக் குழிகள் போடுங்கள். கல் பதிக்கும் இடம் அதுதான்.

படி 4: நன்றாக இறுகியதும் தங்க நிறம் பூசுங்கள். அது காய்ந்தபின் குழிகளில் நீல நெயில் பாலிஷ் வையுங்கள். சூசா நகைகளில் லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லும் பச்சைநீலக்கல்லும் பதித்திருக்கிறார்கள். குழிகளை வெறுமையாக விட்டாலும் தப்பில்லை. லண்டனில் உள்ள ஆக்சஸ் புதையல் என்ற அகாமனிசியர் காலப் பொற்குவியலின் பெரிய கிரிஃபின் (கழுகும் சிங்கமும் கலந்த கற்பனை விலங்கு) காப்புகளிலும் பதித்தவை பெரும்பாலும் உதிர்ந்து குழிகள்தான் மிச்சம்.

போடும்போது தலைகளைப் பிடித்து இழுக்காதீர்கள். மணிக்கட்டின் பக்கவாட்டில் வாயை நுழைத்து, அப்புறம் திருப்புங்கள்.