கல்லூரி செலவிலேயே கல்லூரியைப் பார்த்துவர: அமெரிக்காவின் ஃப்ளை-இன் திட்டங்கள்

அமெரிக்காவில் பல தனியார் கல்லூரிகள், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளைப் பன்னிரண்டாம் கிரேடு தொடக்கத்தில் வரவழைத்து, இரண்டு மூன்று நாள் வளாகத்தில் தங்கவைக்கின்றன. இதைத்தான் ஃப்ளை-இன் திட்டம் என்கிறார்கள். மாசச்சூசெட்ஸில் வில்லியம்ஸ், மெய்னில் போடின், பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர் ஆகியவை இதற்குப் பெயர்போனவை. விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு பெரும்பாலும் கல்லூரி பொறுப்பு. பெட்டிக்கான கட்டணம் அதில் சேருமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘இதெல்லாம் குறிப்பிட்ட இனத்தவருக்குத்தான், நமக்கில்லை’ என்று அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் பல கல்லூரிகள் விதிகளைத் திருத்திவிட்டன. வருமானம், கிராமப்புறம், முதல் பட்டதாரியா என்பவைதான் இப்போது முன்னால் நிற்கின்றன. தமிழ்நாட்டில் முதல் பட்டதாரி சான்றிதழ் கேட்டால் அண்ணன் அக்கா படித்திருக்கிறார்களா என்றும் பார்ப்பார்கள். இங்கே பொதுவாகப் பெற்றோரை மட்டும்தான் பார்க்கிறார்கள். அக்கா இன்ஜினியரிங் முடித்திருந்தாலும் தம்பி விண்ணப்பிக்கலாம். அப்பா ஐ.டி.ஐ., அம்மா பிளஸ் டூ என்றால் தயங்கவே வேண்டாம். பெற்றோர் ஊரில் வாங்கிய பி.ஏ.வை மறைக்காதீர்கள், அதுவும் பட்டம்தான்.

விசாதான் சிக்கலான இடம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் புகலிடம் பெற்றவர்களுக்கும் பெரும்பாலும் தடையில்லை. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களின் குடும்பத்துக்கானது) உள்ள பிள்ளைகளைச் சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவராகவே வைத்து நிதியுதவியைக் கணக்கிடும். இங்குள்ள பள்ளியில் படித்தாலே போதும் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே அட்மிஷன் அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பயணம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. விண்ணப்பமோ கோடையிலேயே முடிந்துவிடும், பல இடங்களில் ஆகஸ்டில். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: டிரான்ஸ்கிரிப்ட் (பள்ளி மதிப்பெண் பதிவு) அனுப்ப வேண்டிய பள்ளி கவுன்சிலர், அதாவது மாணவர் வழிகாட்டி, கோடையில் விடுமுறையில் இருப்பார். பதினோராம் கிரேடு முடிந்து பள்ளி மூடுவதற்குள் அவரைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்பை ஊரில் படித்திருந்தால் அந்த மதிப்பெண் பட்டியலும் பள்ளிக் கோப்பில் ஏறியிருக்கிறதா என்று அப்போதே பாருங்கள்.

தேர்வானதும் பெற்றோர் கையெழுத்துப் படிவமும் மருத்துவப் படிவமும் வரும். இரவில் விடுதி மாணவர் ஒருவரின் அறையில் தங்கவைப்பது வழக்கம். மகளை அனுப்பத் தயக்கமாக இருந்தால் யாருடன் தங்கவைப்பார்கள் என்று கேளுங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சைவம் என்றால் ‘முட்டையும் கிடையாது’ என்று சேர்த்து எழுதுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களிடம் உள்நாட்டு விமானத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு அடையாள அட்டை கேட்பதில்லை. நிரம்பியிருந்தால் பாஸ்போர்ட்டைக் கொடுத்தனுப்புங்கள்.

அழைப்பு வந்ததால் இடம் உறுதி என்று அர்த்தமில்லை. திரும்பி வந்த வேகத்தில் ‘ஏர்லி டிசிஷன்’ விண்ணப்பம் போடப் பிள்ளை துடிக்கும். அதற்கான கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. இடம் கிடைத்தால் அங்கேயே சேரவேண்டும் என்ற ஒப்பந்தம் அது. கையெழுத்துப் போடும் முன், அந்தக் கல்லூரியின் தளத்தில் உள்ள ‘நெட் பிரைஸ் கால்குலேட்டரில்’ உங்கள் வருமானத்தைப் போட்டு, கைக்காசு எவ்வளவு ஆகும் என்று பாருங்கள்.